தாத்தாவின் டாலரும் ஜார்ஜ் தலை ரூபாயும்

பண்ணைக்காட்டு உறவுகளுக்கும் கொடைக்கானல் கூட்டாளிகளுக்கும் நியூ ஜெர்சியிலிருந்து வணக்கம்.

இந்த மாதம் மட்டும் வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள் வந்துவிட்டன. ஏதாவதொரு அமெரிக்கக் காசு அல்லது நோட்டு, கீழே ஒரே கேள்வி: "மாப்ளே, இது எத்தனை லட்சம் போகும்?" 1845-இலேயே அமெரிக்க மிஷன்காரர்கள் பங்களா கட்டிய மலை நம்முடையது. பழைய டிரங்குப் பெட்டிகளில் டாலர் கிடப்பதில் வியப்பில்லை. ஆனால் பெரியப்பா அனுப்பிய இரண்டு டாலர் நோட்டு இன்றும் அச்சாகிறது. இங்கே கடையில் நீட்டினால் இரண்டு டாலருக்குச் சாமான் தருவார்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கு மட்டும் அமெரிக்கர்களை மெச்சலாம். 1861 முதல் அரசு வெளியிட்ட நோட்டு எதுவானாலும் இன்றும் செல்லும். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்ததும் அரிசி டப்பாவிலிருந்து ஆயிரம் ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்து அழுத அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்.

என் கதையையும் கேளுங்கள். பங்களாவில் சமையல் பார்த்த தாத்தாவுக்கு வெள்ளைக்கார அம்மா ஒருவர் கொடுத்த வெள்ளி டாலர் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் கழுகு. கறுத்துக் கிடக்கிறதே என்று பத்து வயதில் புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் துடைத்துக் கண்ணாடி போல ஆக்கினேன். இங்கே ஒரு நாணயக் கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தேய்த்த காசுக்கு வெள்ளியின் விலைதானாம்.

அந்த டாலர் உருக்கப்படாமல் தப்பியதே பெரிய விஷயம். முதல் உலகப்போரில் நம் சணலும் கோதுமையும் கப்பல் கப்பலாகப் போயின. கூலியும் விலையும் ரூபாயில் கொடுக்க வேண்டியிருந்தது. காகிதத்தை நம்பாத ஜனங்கள் நோட்டை நீட்டி வெள்ளி கேட்டார்கள். 1918-இன் தொடக்கத்தில் கையிருப்பு வறண்டது. அந்த ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, நம் நாட்டில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயாக மாறியது. ஒரு டாலரில் 24 கிராம் சுத்த வெள்ளி, ரூபாயில் 10.7. கணக்குப் போட்டால் ஒரு டாலருக்கு இரண்டே கால் ரூபாய்! எந்த வருடத்து டாலர் எவ்வளவு உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால்தான் லட்சக்கணக்கில் அடித்த வருடத்துக் காசும் சில சமயம் கிடைப்பதில்லை.

ஆகவே, அப்பத்தாவின் பெட்டியில் 1918, 1919 என்று போட்ட ரூபாய் இருந்தால் எனக்கு அதில்தான் ஆசை. அது ஒருகாலத்தில் கழுகு பொறித்த டாலராக இருந்திருக்கலாம், நிரூபிக்கத்தான் வழியில்லை.

"டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சம், முதலில் கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-லேயே எச்சரித்துவிட்டது.

காசை இங்கே அனுப்பவும் வேண்டாம். நூறு வயது தாண்டியதை நாட்டைவிட்டு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. இரண்டு பக்கமும் படம் எடுத்து, நகைக்கடைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். அதுவரை, அத்தை, புளிப் பானையை எட்டவே வையுங்கள்.