நோயில் கிடக்கும் நாளுக்கும் கூலி உண்டு

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதிகளில் அறை துடைக்கும் நம் பெண்களுக்கு இதனால் என்ன மாறியது? வரி போனாலும் ஒரு குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் பல ஆயிரம் ரூபாய். வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஏற்கனவே சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால், அந்த நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம் என்று விதியே சொல்கிறது.

வாங்க முடிந்தவருக்கு மட்டும் பாதுகாப்பு என்பது தனியார் காப்பீட்டின் கணக்கு. வாங்க முடியாதவர்களுக்கு அரசின் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இதில் சேரலாம். இதய அறுவை சிகிச்சையும் டயாலிசிஸும் ஏழைக்கு எட்டியது இதனால்தான்.

ஆனால், இந்த இரண்டு காப்பீடுகளிலும் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. படுத்துக்கிடக்கும் நாள்களில் அடுப்பு எப்படி எரியும்? மருத்துவமனைக்குப் பணம் போய்ச் சேர்கிறது. கூலி நின்றுபோன வீட்டுக்கு எதுவும் வருவதில்லை. நம் குடியிருப்புகளில் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுவது ஆஸ்பத்திரி பில் மட்டும் அல்ல, வேலைக்குப் போக முடியாத அந்த இரண்டு மூன்று மாதங்களும்தான்.

இந்தக் கேள்விக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தார். தொழிலாளர்களுக்கான நோய்க்காலக் காப்பீட்டைத் திட்டமிட பேராசிரியர் பி.பி. அதார்க்கர் நியமிக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். அதார்க்கரின் அறிக்கை 1944இல் வந்தது. அதன் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெரிய சமூகக் காப்பீடு உருவான இரு கட்டங்களிலும் துறையின் பொறுப்பில் இருந்தவர்கள் தலித் தலைவர்கள். நம் மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதன் புதுமை மிக எளிமையானது. சம்பளத்துக்கு ஏற்பக் கட்டு, நோய்க்கு ஏற்பப் பெறு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி 0.75 விழுக்காடு, அதாவது 90 ரூபாய் கட்டினால் போதும். முதலாளி 3.25 விழுக்காடாக 390 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கும். தகுதிக்குரிய நாள்கள் சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போக முடியாதபோது ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 விழுக்காடு கூலியும் வரும். நாள் கூலி 400 என்றால் படுத்திருக்கும் நாளுக்கு 280 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு இது இரண்டு ஆண்டுகள் வரை நீளும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதி, உணவகம், தனியார் மருத்துவமனை, பள்ளிக்கும் இது பொருந்தும். அப்படியிருக்க, நம் பக்கத்தில் தூய்மைப் பணிக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்களிடம் ஈ.எஸ்.ஐ. எண் கேட்டால், “மேஸ்திரிக்குத்தான் தெரியும்” என்ற பதிலே அதிகம் வருகிறது. வரவேற்பறையில் இருப்பவர் நிறுவனத்தின் ஊழியர், கழிவறை கழுவுகிறவர் ஒப்பந்ததாரரின் ஆள். வேலையைச் சாதி பிரித்த இடத்தில் இன்று ஒப்பந்தம் பிரிக்கிறது. கோடு மட்டும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழுகிறது.

சட்டம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கும் சந்தா கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது. முதலாளி பங்கான 390 ரூபாயையும் சேர்த்துத் தொழிலாளியிடம் பிடிப்பது சட்டவிரோதம். பிடித்த 90 ரூபாயைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம்.

ஈ.எஸ்.ஐ.யில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உயர் சிகிச்சை என்றால் கே.கே. நகருக்கோ அயனாவரத்துக்கோ போகவேண்டி வருகிறது. கூட ஒருவர் போனால் அவருடைய கூலியும் போச்சு. வயல் கூலிகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இதன் வரம்புக்குள்ளேயே வரவில்லை. எந்தக் காப்பீடும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றும் ஆகாது. ஆனாலும், சட்டம் ஏற்கனவே கொடுத்ததைக்கூட வாங்காமல் இருப்பது ஏன்?

படித்த பிள்ளைகள் செய்யக்கூடியது இதுதான். அம்மாவின், அண்ணனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, பத்து இலக்கக் காப்பீட்டு எண் தரப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டே இல்லை என்றால் வேலை செய்யும் இடம், ஒப்பந்ததாரர் பெயர், வேலை செய்த நாள்கள் மூன்றையும் எழுதிவையுங்கள். ஈ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண் 1800 11 2526. தனியாகப் புகார் செய்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. எனவே ஊர்க் குழுவாகவோ சங்கத்தின் மூலமாகவோ எழுதுங்கள். ஈ.எஸ்.ஐ.க்குள் வராத குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்துவிட வேண்டும். அதற்கான எண் 1800 425 3993.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான். கடற்கரைச் சாலை விடுதிகளிலும் ஒப்பந்த நிறுவனங்களிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது என்பதைத் தொழிலாளர் துறையும் ஈ.எஸ்.ஐ. கழகமும் சேர்ந்து கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அண்ணல் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அவர் காலத்தில் விதை போட்ட காப்பீட்டின் எண் நம் வீட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.