பெங்குயினை விடுங்கள், ஐலீன் எங்கே?

ஹேசல் பிரயரின் 'அவே வித் த பெங்குயின்ஸ்' நாவலை (2020) வாசிக்கச் சொல்லி மூன்று நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். கண்ணீர் வரும் என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெரோனிகா மெக்ரீடிக்கு 85 வயது. ஸ்கொட்லாந்தில் கடலோரத்து மாளிகையொன்றில் தனியாக இருக்கிறார். உதட்டில் சிவப்புச் சாயம், கையில் டார்ஜிலிங் தேநீர், தொலைக்காட்சியில் விலங்குகள் பற்றிய நிகழ்ச்சி. ஒருநாள் பெங்குயின்களைப் பார்த்துவிட்டு அண்டார்ட்டிக்காவுக்கே புறப்பட்டுவிடுகிறார். அங்கே தாயில்லாத குஞ்சு ஒன்று. மிச்சத்தை நீங்களே ஊகிப்பீர்கள்.

ஊகிக்க முடிவது பெரிய குறையில்லை. தனிமையை இந்தக் கதை தீர்க்கும் விதம்தான் பிரச்சினை. வெரோனிகாவிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. கப்பல் ஏறினார், குணமானார். மூட்டுவலியோடு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் இருக்கும் பாட்டிக்கு இந்த மருந்துச்சீட்டு எதற்கு? பிரித்தானியாவில் தனிமைக்கென்றே 2018இல் ஓர் அமைச்சரை நியமித்தார்கள். பேச ஆளில்லாத முதியவர்கள் எந்த நேரமும் அழைப்பதற்காக 'சில்வர் லைன்' என்ற தொலைபேசிச் சேவை 2013இல் தொடங்கியது. அந்த நாட்டில் நடக்கும் கதை இது. ஆனால் வெரோனிகாவின் ஒரு மாலைப்பொழுது எப்படி நகர்கிறது என்பது புத்தகத்தை மூடிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்தியது. வெரோனிகா உண்மையில் தனியாக இல்லை. ஐலீன் என்ற பெண் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், வெளியுலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறார், திட்டு வாங்குகிறார். நாவலுக்கு அவர் ஒரு சிரிப்புப் பாத்திரம், அவ்வளவுதான். என் அம்மம்மாவுக்கும் காலையில் உதவிக்கு ஒரு பெண் வருவார். அவருடைய பிள்ளைகளின் பெயர், வகுப்பு, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அம்மம்மாவுக்கு அத்துப்படி. இருவருக்கும் பொதுவாக இருக்கும் ஆங்கிலம் ஐம்பது சொல்லைத் தாண்டாது! அந்த உறவில் ஒரு நாவலே இருக்கிறது. கணினித் துறையிலும் இதே கதைதான்: இரவில் சேர்வர் விழாமல் பார்த்துக்கொள்பவரின் பெயர் அறிக்கையில் வராது.

நல்ல பகுதியும் உண்டு. போர்க்காலத்தில் சிறுமி வெரோனிகா எழுதிய நாட்குறிப்புகள் உயிரோடு இருக்கின்றன. அங்கே அவள் கோபக்காரி, ஆசைக்காரி, ஒரு முழு மனுஷி. வயது ஏறியதும் ஏன் அவளை வேடிக்கைப் பொம்மையாக்க வேண்டும்? முரட்டுக் கிழவி, உள்ளே தங்க மனசு என்ற அச்சில் இன்னும் எத்தனை பேரை வார்ப்பார்கள்?

இதே விஷயத்தை எலிசபெத் டெய்லர் 1971இலேயே எழுதிவிட்டார் (நடிகை இல்லை, அதே பெயருள்ள எழுத்தாளர்). 'மிஸஸ் பால்ஃப்ரி அட் த கிளேர்மான்ட்' என்று பெயர். கணவனை இழந்த ஒரு பெண் லண்டன் ஹோட்டல் ஒன்றில் தங்க வருகிறார். பேரன் அதே ஊரில் வேலை பார்க்கிறான். அவன் வருவான் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார், அவன் வரவில்லை. கடைசியில் தெருவில் விழுந்தபோது தூக்கிவிட்ட ஓர் இளைஞனைப் பேரன் என்று காட்டிச் சமாளிக்கிறார். பனிமலை இல்லை, பெங்குயின் இல்லை. சாப்பாட்டு அறையில் அடுத்த மேசைக்காரர்கள் பேரனைப் பற்றி விசாரிக்கும்போது நமக்கு முகம் சிவக்கிறது, ஏனென்றால் அந்த வராத பேரனின் வயதுதான் நமக்கும். மெல்லிய புத்தகம், சிரிப்பும் நிறைய. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.