பெண்ணையாற்றின் தலைமாட்டில்

கருநாடகத்து நந்திமலையில் பிறந்து, ஓசூருக்கு அருகில் தமிழ்நிலம் புகுந்து, கிருட்டிணகிரி, சாத்தனூர், கபிலர் குன்று நிற்கும் திருக்கோவலூர் எனப் பல ஊர்களைத் தழுவி, 400 கி.மீ.க்கும் மேல் நடந்து கடலூரில் கடல் புகுகின்றது தென்பெண்ணை. பாடல் பெற்ற அவ்வாறு இன்று தமிழ்நாட்டுள் நுழையும் கோலத்தைக் கெலவரப்பள்ளி அணையில் காணலாம். பெங்களூரு மாநகரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே ஆற்றிற் கலக்க, அணையின் மதகுகளில் வெண்ணுரை குன்றெனக் குவிவதை ஓசூர் வட்டாரத்து உழவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு நொந்துள்ளனர். அப்பெல்லந்தூர் ஏரி 2017-இல் தீப்பற்றியே எரிந்தது. நெருப்பை அணைக்க வேண்டிய நீர் தானே எரிந்த கொடுமை அது!

ஆயின், அதே ஆற்றின் தலைமாட்டில் சொல்லத்தக்க நற்செய்தி ஒன்றும் உண்டு. திப்பு சுல்தான் பிறந்த தேவனகள்ளி, 2011 கணக்கெடுப்பில் முப்பதினாயிரம் மக்களுக்கும் குறைவாகவே கொண்டிருந்த சிறுநகர். நிலத்தடிச் சாக்கடை அமையாத மற்றச் சிறுநகர்களில் நடப்பதே அங்கும் நடந்து வந்தது. வீட்டுக்கு வீடு கழிவுக்குழி. குழி நிரம்பினால் உறிஞ்சுந்து வரும். உறிஞ்சியதை வெட்டவெளியிலோ வயலிலோ கொட்டிச் செல்லும். மழை அதனை ஓடைக்கு இழுக்கும். ஓடை ஆற்றுக்குச் சேர்க்கும்.

இதற்கு முடிவு கட்ட 2015-இல் அங்கு ஒரு தூய்மிப்பு நிலையம் எழுந்தது. நாளொன்றுக்கு 6,000 இலீட்டர், அஃதாவது ஓரிரண்டு உந்துச் சுமை, அதன் கொள்ளளவு. உந்து கொணரும் குழம்பு முதலில் மூடிய கலன்களிற் புகுந்து, காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. பின்னர் மணலும் சரளையும் பரப்பிய படுகைகளில் விடப்பட்டு வெயிலில் உலர்கிறது. கீழே வடியும் நீர், தடுப்புகள் அமைந்த தொட்டியிலும் செடிகள் நட்ட சரளைப் படுகையிலும் ஊர்ந்து தெளிகிறது. உலர்ந்த மண்டியை ஊர்க்குப்பையின் மட்கும் பகுதியொடு கலந்து குவித்தால் குவியல் தானே சூடேறும். அச்சூட்டில் குடற்புழுவின் முட்டைகள் மடியும். எஞ்சுவது உழவர்க்கு எரு. நிலச்சரிவே நீரை நடத்துவதால் தூய்மிப்புக்கு மின்னாற்றல் வேண்டுவதில்லை. உழவன் மகனுக்கு இவற்றுள் எதுவும் புதிதன்று. பெயர்ப்பலகையில் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைப் பொறித்து, ஏதோ மேலைநாட்டு மந்திரம் போல் காட்டுவதே வேடிக்கை!

இரண்டு உந்துச் சுமை ஆற்றை என்ன செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. குழிக்கழிவு சாக்கடை நீரினும் பன்மடங்கு செறிவானது. அது சிற்றோடையில் விழுந்தால், அதனைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சித் தீர்க்கும். மீன்கள் வாய்பிளந்து மிதக்கும். கழிச்சலும் மஞ்சட்காமாலையும் குடத்தோடு வீடு வந்து சேரும்.

பெங்களூருவின் நுரைக்குக் கருநாடக அரசு விடைகூறியே ஆதல் வேண்டும். அதில் இரண்டாம் கருத்திற்கு இடமில்லை. எனினும், எல்லைக்கு இப்பால் கரையோரத் தமிழூர்களின் உறிஞ்சுந்துகள் இரவில் எங்குச் செல்கின்றன என்னும் வினாவையும் யாரேனும் கேட்க வேண்டுமன்றோ? தமிழ்நாட்டிலும் வழியில்லாமலில்லை. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017-இலேயே இத்தகைய நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மதுராந்தகத்தின் கழிவும் அங்கு வருமாறு திட்டமிடப்பட்டது. பின்னர் வேறு பல ஊர்களிலும் அமைந்தன. 2022-இல் சட்டந் திருத்தி, உறிஞ்சுந்துகளுக்கு உரிமமும் கட்டாயமாக்கப்பட்டது.

இனி, இடர்ப்பாடு உந்து ஓட்டுநரிடம் இருக்கிறது. நிலையம் தொலைவிலிருந்தால் எரிநெய்ச் செலவு அவர் தலையில் விழும். அருகிலிருக்கும் ஓடையோ செலவின்றிக் கிடைக்கும். அவரை மட்டும் பழிப்பதிற் பயனில்லை. நிலையத்தை ஊர்க்கு அண்மையில் அமைத்து, குழி துப்புரவுக் கட்டணத்தைக் கழிவு அங்குச் சேர்ந்த பின்னரே பேரூராட்சி வழங்குமாயின், ஓடைப்பக்கம் உந்து திரும்பாது. அதற்கான தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். சென்னைக்கோ தில்லிக்கோ எழுதிக் காத்திருக்க வேண்டுவதில்லை.