தொண்ணூற்றொன்பது ஆடுகளின் கணக்கு

மே மாதம் அன்னை மரியாளுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மாதம். மாலை வேளைகளில் நம் பங்கு ஆலயங்களில் செபமாலை ஒலிக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவுகளும் பெரும்பாலும் இதே மாதத்தில்தான் வெளிவருகின்றன. முடிவு வெளியான மறுநாள் காலையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பள்ளிகளின் முன்னே நின்று பார்த்தால் இரண்டு காட்சிகள் புலப்படும். ஒன்று, வாயிலின் மேலே கட்டப்படும் பதாகை: நூறு விழுக்காடு தேர்ச்சி, முதல் மூன்று இடங்களைப் பெற்றோரின் புகைப்படங்கள். மற்றொன்று, அந்தப் பதாகையின் கீழே கையில் மதிப்பெண் தாளுடன் காத்து நிற்கும் தாய் தந்தையர். பதினோராம் வகுப்பில் தம் பிள்ளைக்கு எந்தப் பிரிவு கிடைக்கும், அல்லது இடமே கிடைக்காதோ என்பது அவர்களது கவலை.

அப்படிக் காத்து நிற்போரில் பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் முதல் வகுப்பு முதல் பயின்றவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பத்தாண்டுக் காலம் ஒரு பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லி வளர்த்த பள்ளி, பதினோராம் வகுப்பின் வாசலில் அப்பிள்ளையை அந்நியனைப் போல நிறுத்தி வைத்து, 'நீ எவ்வளவு மதிப்பெண் கொண்டுவந்திருக்கிறாய்?' என்று கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றுக்கு உரிமை இல்லை என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் பதினோராண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் மாணவர்கள் கல்லூரிகளில் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். கல்லூரி இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும், கல்லூரிச் செலவைத் தாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேற்படிப்பின் முதற்படியைத் தம் பள்ளியிலேயே அமைத்துத் தருவது புதிய ஏற்பாட்டின் பெரும்பயனாக அமைந்தது. தொழிற்கல்விப் பிரிவுகளும் அந்த ஏற்பாட்டுடன் சேர்ந்தே வந்தன. கணிதமும் அறிவியலும் படிக்க விரும்புவோர், வணிகவியலும் கணக்குப் பதிவியலும் படிக்க விரும்புவோர், வரலாறும் பொருளாதாரமும் படிக்க விரும்புவோர், கைத்தொழில் கற்று விரைவில் ஊதியம் ஈட்ட விரும்புவோர் என நால்வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே கூரையின் கீழ் இடமிருந்தது.

அந்தக் கூரையின் கீழ் இன்று நடப்பதென்ன? பிரிவுகள் படிக்கட்டுகளாகிவிட்டன. உச்சிப் படியில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு, அடுத்து கணினி அறிவியல், அதற்குக் கீழே வணிகவியல், எல்லாவற்றுக்கும் அடியில் வரலாறும் தொழிற்கல்வியும். ஒரு பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கேட்கும் வழக்கமே அருகிப்போய்விட்டது. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக வெட்டி, முதல் துண்டுக்கு முதற் பிரிவு, கடைசித் துண்டுக்கு மிஞ்சிய பிரிவு என்று பகிர்ந்தளிக்கிறார்கள். வரலாற்றை நேசிக்கும் 480 மதிப்பெண் மாணவி கட்டாயத்தின் பேரில் இயற்பியல் படிக்கிறாள். இயந்திரங்களோடு விளையாடியே வளர்ந்த 260 மதிப்பெண் மாணவன், அவன் விரும்பாத பிரிவொன்றில் தள்ளப்படுகிறான். அந்தக் கடைசிப் பிரிவுகளும் பல பள்ளிகளில் மெல்ல மெல்ல மூடப்பட்டு வருகின்றன. அவை மூடப்படும்போது அப்பிரிவை நம்பியிருந்த பிள்ளைகளும் வெளியேறுகிறார்கள்.

நூறு விழுக்காடு என்னும் அந்தப் பெருமையையும் சற்று ஆராய்வோம். எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் பத்துப் பேரின் பெற்றோரை அழைத்து, 'வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கிறார்கள். இன்னும் ஐந்து பேரைத் தனித்தேர்வர்களாக எழுதச் சொல்கிறார்கள். எஞ்சிய நாற்பத்தைந்து பேர் எழுதி நாற்பத்தைந்து பேரும் தேறுகிறார்கள். பதாகையில் நூறு விழுக்காடு! எல்லாப் பள்ளிகளும் இவ்வாறு செய்வதில்லை. செய்ய மறுத்து, அதனால் வரும் இழப்பை ஏற்றுக்கொள்ளும் அருட்சகோதரிகளும் தலைமையாசிரியர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் இந்த வழக்கம் நம் சமூகத்தில் எவருக்கும் புதிய செய்தியன்று.

நற்செய்தியில் வரும் ஆயன் நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போனபோது, தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான். இன்றைய கணக்கின்படி அவன் அறிவிலி. அவன் வீட்டிலேயே அமர்ந்து, காணாமற்போன ஆட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, 'தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது' என்று தொழுவத்தின் வாயிலில் பதாகை கட்டியிருக்க வேண்டும்!

இந்தச் சீர்கேட்டைத் தடுக்க அரசு சில முயற்சிகளை மேற்கொண்டது. பதினோராம் வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகள் மனப்பாடம் செய்விக்கும் பழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியிருந்தது. 2017-ஆம் ஆண்டில் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டது. 2017-18 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 1200 மதிப்பெண் முறை 600 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் 2018-லேயே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்று அரசு அறிவித்ததும் அச்சீர்திருத்தத்தின் வலிமை பாதியாயிற்று. பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2025 ஆகஸ்ட் மாதத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகளின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வெளியிலிருந்து வந்த கட்டாயம் நீங்கியபின் எஞ்சுவது பள்ளியின் மனச்சான்று ஒன்றே. கணக்குப் பதிவியலில் இரட்டைப் பதிவு முறை பதினோராம் வகுப்புப் பாடம். அதைக் கல்லாதவன் அடுத்த ஆண்டில் கூட்டாண்மைக் கணக்குகளை உருப்போடலாமே தவிர விளங்கிக்கொள்ள முடியாது. இயற்பியலில் இயக்க விதிகளும் வெப்ப இயக்கவியலும் பதினோராம் வகுப்புப் பாடங்களே. அவற்றைத் தாண்டிச் செல்பவன் பொறியியல் கல்லூரியின் முதலாமாண்டில் தடுமாறுவான். வசதியுள்ளவர் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் உள்ள பயிற்சி நிலையங்களில் பணம் கட்டி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்வார்கள். நொச்சிக்குப்பத்துப் பிள்ளையும் ஊரூர்க் குப்பத்துப் பிள்ளையும் என்ன செய்வார்கள்?

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். 'கணிதத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவன் முதற் பிரிவில் சேர்ந்தால் தோற்றுப்போவான். அவனுடைய நன்மைக்காகவே மறுக்கிறோம்' என்பது முதற்காரணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆலோசனை கூறுவது வேறு, கதவை அடைப்பது வேறு. மேலும், அந்தக் குறைந்த மதிப்பெண் யாருடையது? பத்தாண்டுகள் அப்பிள்ளைக்குக் கணிதம் கற்பித்தது எந்தப் பள்ளி? பிள்ளையின் மதிப்பெண் தாளில் பள்ளியின் பெயரும் அச்சாகியிருக்கிறது. தான் கற்பித்த குறைக்குத் தன் மாணவனையே தண்டிப்பது நீதியாகுமா?

'இடம் இல்லை' என்பது இரண்டாம் காரணம். இடம் இல்லையென்றால் வேறு பள்ளிகளில் 490-க்கு மேல் பெற்றவர்களுக்குக் கட்டணச் சலுகை காட்டி அழைப்பது எதற்காக? 'தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பெற்றோர் வரமாட்டார்கள். பள்ளியை நடத்த முடியாது' என்பது மூன்றாம் காரணம். இம்மூன்றிலும் நேர்மையான காரணம் இதுவே. ஆனால் அதன் பொருளைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். எளியவரைத் தள்ளினால்தான் பள்ளி நிலைக்கும் என்றால், நிலைத்து நிற்கும் அந்தப் பள்ளி யாருக்காக நிலைத்து நிற்கிறது?

சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 30-ஆம் கூறு நமக்கு அளித்துள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே காவலாக நிற்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பதினைந்து வயதில் நம் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அச்சட்டத்தின் துணை இல்லை. அப்பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் துணை நற்செய்தி மட்டுமே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, உலகச் செல்வத்தில் வறியோருக்கும், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தோருக்கும், விசுவாசத்தில் பங்கு பெறாதோருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகப் பணிபுரிய வேண்டும் என்று பணித்தது. அந்த வரிசையில் மதிப்பெண் மிகுந்தோருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. வேறெங்கும் கதவு திறக்காத பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்ததுதான் மிஷன் பள்ளிகளின் பெருமை. சிறுபான்மை உரிமை என்னும் கேடயம் அந்தக் கதவைக் காப்பதற்கேயன்றி, அதைச் சாத்துவதற்கு அன்று.

மதிப்பெண்ணே தெய்வமாகும்போது மொழியும் பலியாகிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாயிற்று. பதினோராம் வகுப்பில் மொழியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு வந்தவுடன், வீட்டில் தமிழே பேசும் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர் அதிக மதிப்பெண்ணை எண்ணிப் பிரெஞ்சு மொழிக்கு மாறுகிறார்கள். பிரெஞ்சு கற்பது குற்றமன்று. விருப்பத்தோடு கற்பவரை வாழ்த்துவோம். மதிப்பெண்ணுக்காகத் தாய்மொழியைக் கைவிடுவதைத்தான் கேள்வி கேட்கிறோம். 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுந்தது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற அத்துறவியின் சிலையைக் கடந்து நம் பிள்ளைகள், தமிழிலிருந்து தப்பிக்கும் வழியைத் தேடிப் பள்ளிக்குச் செல்கிறார்கள்.

பழியைப் பள்ளி நிர்வாகத்தின்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. பதாகையைப் பார்த்துப் பள்ளியைத் தெரிவு செய்யும் பெற்றோர் இருக்கும்வரை பதாகை இருக்கும். வணிகவியல் படித்தவரும் பட்டயக் கணக்காளராகலாம். எந்தப் பிரிவு படித்தவரும் பட்டம் பெற்று ஆட்சிப்பணித் தேர்வு எழுதலாம். தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். இவ்வழிகளை அறியாமல், பக்கத்து வீட்டாரின் பேச்சுக்கு அஞ்சி மகனை விருப்பமில்லாப் பிரிவில் அமர்த்தும் தந்தையும் இந்தப் படிக்கட்டைக் கட்டும் கொத்தர்களுள் ஒருவரே.

ஆகவே நம் மறைமாவட்டத்தின் பள்ளிகளிடமும் துறவற சபைகளின் பள்ளிகளிடமும் பொதுநிலையினராகிய நாம் கேட்பவை இவை. பத்தாம் வகுப்பில் தேறிய தன் மாணவர் அனைவருக்கும், அவர்களது மதிப்பெண் எதுவாயினும், பதினோராம் வகுப்பில் இடம் தந்தபின்னரே பிற பள்ளி மாணவர்களுக்கு விண்ணப்பம் வழங்கப்பட வேண்டும். பிரிவைத் தெரிவு செய்யுமுன் பிள்ளையையும் பெற்றோரையும் அமரவைத்துப் பேச வேண்டும். கணிதத்தில் பின்தங்கியவன் கணிதப் பிரிவையே விரும்பினால் பள்ளி தொடங்கும் முதல் இரு மாதங்களில் அவனுக்கு அடிப்படைப் பயிற்சி தர வேண்டும். வரலாறும் தொழிற்கல்வியும் மூடப்படாமல், நல்ல ஆசிரியர்களுடன் நடத்தப்பட வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடங்கள் அவ்வாண்டு முழுவதும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். இறுதியாக, முதல் மூன்று இடங்களின் புகைப்படங்களுக்குப் பதிலாக, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தோர் எத்தனை பேர், அவர்களுள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் பள்ளி வெளியிட வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் எழுப்பலாம். அடுத்த ஆண்டு விழாவில் பள்ளித் தாளாளர் அறிக்கை வாசித்து முடித்ததும், ஒரு தாயோ தந்தையோ எழுந்து நின்று மரியாதையோடு கேட்டால் போதும்: 'சாமி, போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?'