தென்துருவப் பனியும் எமது கிணறுகளும்

உலகின் தென்கோடியிலுள்ள அந்தாட்டிக்காவில் பனி உருகுகிறது என்ற செய்தியைக் கேட்டால், "குடியிருக்கச் சொந்தக் காணியே இல்லாத எமக்கு இதுவும் ஒரு கவலையா?" என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆயினும், நிலத்தை இழப்பது என்றால் என்னவென்று அறிந்தவர்களே இச்செய்தியைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் பெரிதாக உயர்வதில்லை. நிரம்பிய பாத்திரத்தில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தால் நீர் வழிவதில்லை அல்லவா? தரையின் மேல் கிடக்கும் பனி கடலில் சேர்வதே ஆபத்து. அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 58 மீற்றர் உயரும். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். ஆகவே நாளையே கடல் வந்துவிடும் என்று எவரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் அதில் ஒரு சிறு பங்கு கரைந்தாலே கரையோர மக்களின் வாழ்வு குலைந்துவிடும்.

மிதக்கும் பனித்தட்டுக்கும் ஒரு வேலை உண்டு. தரையிலுள்ள பனி கடலுக்குள் வழுக்கி இறங்காதபடி, குளக்கட்டுப் போல அது தடுத்து நிற்கிறது. அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் பனித்தட்டுகள் வடக்கிலிருந்து ஒவ்வொன்றாக உடையத் தொடங்கினால் அதை அபாய அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்று, ஜோன் மேசர் என்ற ஆய்வாளர் 1978இல் எழுதினார். 1995இல் லாசன் ஏ பனித்தட்டு உடைந்தது. 2002இல் லாசன் பி பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீற்றர் பரப்பு, அதாவது யாழ். மாவட்டத்தைப் போல் மூன்று மடங்கு, சில வாரங்களில் நொறுங்கிப் போனது. கட்டு உடைந்ததும் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமாகக் கடலில் இறங்கின.

இப்போது விஞ்ஞானிகளின் கவனம் துவைற்ஸ் பனியாற்றின் மேல் உள்ளது. அது இலங்கையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. முழுதாகக் கரைந்தால் கடல் 65 சென்ரிமீற்றர் அளவில் உயரும். 2020இல் ஆய்வாளர்கள் அங்கே கூடாரமடித்துத் தங்கி, சுடுநீரால் ஏறத்தாழ 600 மீற்றர் பனியைத் துளைத்து, அடியில் ஒரு இயந்திரத்தை இறக்கிப் பார்த்தார்கள். தட்டையான அடிப்பாகம் எதிர்பார்த்ததை விட மெதுவாகவும், வெடிப்புகள் மிக வேகமாகவும் உருகுவதை 2023இல் அறிவித்தார்கள். ஆறுதலானதையும் அச்சமானதையும் ஒளிக்காமல் சொன்ன அவர்களது சொல்லை நாம் நம்பலாம்.

1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. முன்னர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டியிருந்த உயர்வு, 2006க்குப் பின் 3.7 மில்லிமீற்றராகியது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள் வேறு நாட்டவர். உவரேறிய வயலைப் பார்த்து நிற்கப் போவது ஏழை விவசாயி. இந்த அநீதியை நாம் உரத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாகாது. யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணற்றில் நாம் இறைப்பது அதையே. கடல் உயர உவர்நீரும் உயரும். மிதமிஞ்சி இறைத்தால் அது இன்னும் விரைவாக மேலே வரும். எனவே குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவதும், தொண்டைமானாறு போன்ற இடங்களிலுள்ள உவர்நீர்த் தடுப்பணைகளைப் பேணுமாறு கேட்பதும் எமது சங்கங்களின் வேலை. மீள்குடியேற்றத்துக்குத் தாழ்ந்த கரையோரக் காணி தரப்படும்போது, ஐம்பது ஆண்டுகளின் பின் அங்கே கிணறு நன்னீர் தருமா என்று கேட்பதும் எமது உரிமை.

முன்னைய இடப்பெயர்வுகளில் மூட்டை கட்டவும் நேரம் கிடைக்கவில்லை. இம்முறை முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது. கிடைத்துள்ள காலத்தை வீணாக்காதிருப்போம்.