கடைசியில் மூடுங்கள், முதலில் திறவுங்கள்

2020 மே 25 அன்று புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தன. கொரோனா வரி போட்டுத் திறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் சந்தேகம் கேட்கப் பள்ளிக்கு வரலாம் என்றார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 ஜனவரி 4இல், அதுவும் அரை நாள். இரண்டாம் அலையிலும் இதே கதைதான். ஜூனில் மதுக்கடை, செப்டம்பரில் பெரிய வகுப்புகள், டிசம்பரில் சின்னப் பிள்ளைகள்.

கலால் வருமானம் இல்லாமல் இந்தச் சின்னஞ்சிறு பிரதேசத்தின் கஜானா நடக்காது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால், வேலை இழந்த அப்பா பகல் முழுக்க வீட்டில், பள்ளி இழந்த பிள்ளையும் வீட்டில், மாலையில் பாட்டிலும் வீட்டுக்குள் என்றால் அந்த ஒற்றை அறை வீட்டில் நடப்பது என்ன என்று யோசித்துவிட்டு யாரும் உத்தரவில் கையெழுத்திட்டதாகத் தெரியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசுவதென்றால், இந்த உத்தரவுகளின் வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் பள்ளிகளை மூடியதில் நமக்குக் குறை இல்லை. தாத்தா பாட்டியோடு ஒரே கூரையில் படுக்கும் பிள்ளைகள் நோயைச் சுமந்து வருவார்களோ என்ற பயம் நியாயமானது. 2021 ஜனவரியில் தமிழகம் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மட்டும் கதவைத் திறந்தபோது, புதுச்சேரி அதற்கு முன்பே எல்லா வகுப்புகளையும் அழைத்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த மாதமே இங்கே ஆட்சி கவிழ்ந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, தேர்தல் வந்தது. எம்.எல்.ஏ.க்களின் தலையை எண்ணிய அந்த வாரங்களில் பிள்ளைகளை எண்ண ஆளில்லை. மார்ச்சில் சின்ன வகுப்புகள் மறுபடி மூடப்பட்டன.

யுனெஸ்கோ கணக்குப்படி இந்தியாவில் பள்ளிகள் முழுதாகவோ பகுதியாகவோ மூடிக் கிடந்தது 82 வாரங்கள். உலகில் மிக நீண்ட மூடல்களில் ஒன்று இது. நம் ஊரின் தெருப்பெயர்களில் இன்னும் குடியிருக்கும் பிரான்ஸ், 2020 அக்டோபர் இறுதியில் இரண்டாவது ஊரடங்கை அறிவித்தபோது உணவகங்களை மூடியது, மதுக்கூடங்களை மூடியது, பள்ளிகளை மூடவில்லை. அடுத்த ஏப்ரலில் மூன்று வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு உளவியலாளரிடம் பத்து அமர்வுகள் இலவசம் என்றும் அறிவித்தது. அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது என்பதை நோய்க்கிருமி தீர்மானிப்பதில்லை, அரசுதான் தீர்மானிக்கிறது. அதைச் சொல்லவே பிரான்ஸை இழுத்தோம்.

இங்கே பள்ளியைப் பாடம் நடக்கும் இடமாக மட்டும் பார்த்தார்கள். பாடத்தை செல்போனில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்தார்கள். வம்பாக்கீரப்பாளையத்திலோ வைத்திக்குப்பத்திலோ வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்தால், அது விடியுமுன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பிறகு ஏது ஆன்லைன் கிளாஸ்? சோறு விஷயத்திலும் இதே பார்வைதான். பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. ஊரடங்கில் அதற்கு ஈடாக அரிசியும் பணமும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளை மூன்று நாளாகப் பாதிச் சோற்றை அப்படியே வைக்கிறாள் என்று கவனிக்கும் டீச்சரை எந்த வங்கிக் கணக்கில் போட முடியும்?

ஒரு பிள்ளை உள்ளுக்குள் உடைவது பெற்றோர் கண்ணுக்குக் கடைசியில்தான் படுகிறது. பாசக் குறைவால் அல்ல. தினமும் பக்கத்தில் இருப்பதாலேயே மாற்றம் தெரிவதில்லை. ஆறு வயதில் அது அடிக்கடி வரும் வயிற்றுவலி, நின்றுபோன பிறகு மறுபடி தொடங்கும் படுக்கை நனைப்பு, அம்மாவின் புடவையை விடாத பிடி. பதினான்கு வயதில் அது பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் செல்போன், எதற்கெடுத்தாலும் எரிச்சல், பேச்சே இல்லாத நாட்கள். வீட்டில் இதற்குப் பெயர் கொழுப்பு, சோம்பல், செல்போன் பைத்தியம். தாயத்து கட்டி மந்திரித்துக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. நாற்பது பிள்ளைகளை ஒரு சேரப் பார்க்கிற ஆசிரியருக்குத்தான் நாற்பதில் ஒன்று வேறு மாதிரி இருப்பது பளிச்சென்று தெரியும். பள்ளியைப் பூட்டியபோது அந்தக் கண்ணையும் சேர்த்துப் பூட்டினோம்.

விளைவுகளை அறிய வெகுதூரம் போக வேண்டாம். நம் மாகேயைச் சுற்றியிருக்கும் கேரளத்தில், 2020 மார்ச் 25 முதல் ஜூலை தொடக்கம் வரை பதினெட்டு வயதுக்குட்பட்ட 66 பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக முதல்வரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதோடு நிற்காமல், காவல்துறை மூலம் ‘சிரி’ என்ற தொலைபேசி ஆலோசனைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற மாணவர்களையும் அதில் ஈடுபடுத்தினார்கள். பிள்ளைகளின் பேச்சைப் பிள்ளைகள் கேட்டார்கள். நாடு முழுவதும் 2020இல் 12,526 மாணவர்களும் 2021இல் 13,089 மாணவர்களும் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது.

அதே ஆவணக் காப்பகத்தின் இன்னொரு எண்ணைப் புதுச்சேரி அடிக்கடி மறந்துவிடுகிறது. 2021இல் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை தற்கொலை என்ற கணக்கில் நாட்டின் சராசரி 12. புதுச்சேரியில் 31.8. 2015இல் 43.2 என்ற அளவோடு நாட்டிலேயே முதலிடம் நம்முடையது. இது எல்லா வயதினருக்குமான கணக்கு. பிள்ளைகளுக்கானது என்று திரித்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த வீடுகளில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். பெரியவர்களின் மனமே இத்தனை காயம்பட்ட ஊரில், ஊரடங்கு புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்ததன் மீது கதவைச் சாத்தியது.

“அதெல்லாம் முடிந்துபோன கதை, இப்போது எதற்கு?” என்று கேட்கலாம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்தான் இப்போது உயர்நிலைப் பள்ளியின் வாசலில் நிற்கிறார்கள். ‘ஆல் பாஸ்’ போட்டு மேலே தள்ளிவிடப்பட்டவர்கள். கூட்டத்தில் உட்காரவும் சண்டை போட்டுச் சமாதானமாகவும் பழக வேண்டிய வயதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இதற்கிடையே பாடத்திட்டமும் மாறியது. அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்குப் போயின.

பாடப்புத்தகம் மாறியதைப் பற்றி இங்கே நிறைய வாதம் நடந்தது. சி.பி.எஸ்.இ.யோடு சேர்ந்து வந்த ஒரு கடமையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் இதை எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் விரித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்த நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறைப்படி இணைந்திருக்க வேண்டும் என்றது. ஆக, நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்ட விதியையும் நீதிமன்றம் இட்ட கட்டளையையும் நிறைவேற்றச் சொல்கிறோம்.

ஆளில்லை என்ற பேச்சு புதுச்சேரியில் எடுபடாது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், அதற்குள் உளவியல் துறை. ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்தில் எந்த மூலைக்கும் போய்விடக்கூடிய இந்த ஊரைச் சுற்றி இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ளபோது, குறைவது பணியிடமும் சம்பளமும்தான். காரைக்காலுக்கும் மாகேவுக்கும் ஏனாமுக்கும் வேண்டுமானால் தனி ஏற்பாடு தேவைப்படலாம். உடற்கல்வி ஆசிரியருக்கோ கணக்கு டீச்சருக்கோ இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ‘ஆலோசகர்’ என்று பதிவேட்டில் எழுதிவிடும் குறுக்குவழியைக் கல்வித்துறை எடுக்கக் கூடாது. ஆசிரியர் கவனித்துச் சொல்பவர். சொன்னதைக் கேட்டு அமர்ந்து பேசத் தனியாள் வேண்டும், தனி அறை வேண்டும். அந்த அறைக்குள் போகும் பிள்ளையை ‘மெண்டல்’ என்று அழைக்கும் வாய்களை அடக்கத் தலைமையாசிரியரும் வேண்டும். மனநலத்துக்கு உதவி நாடுவது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான் என்று 2021இல் யுனிசெஃப் ஆய்வு காட்டியது; 21 நாடுகளின் சராசரி 83. கூச்சம் இவ்வளவு இருக்கும் இடத்தில், 14416 டெலி-மானஸ் எண்ணைச் சுவரில் எழுதிவைத்தால் மட்டும் பிள்ளை போன் செய்துவிடாது. அந்த எண்ணை அதன் கையில் கொடுக்க, அது நம்பும் ஒரு முகம் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது என்ன செய்வோம் என்பதை இப்போதே எழுதிவைக்கலாம். யூனியன் பிரதேசத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இரண்டு விதிகள் சேரட்டும். பள்ளியும் அங்கன்வாடியும் கடைசியாக மூடப்படும், முதலில் திறக்கப்படும்; அவற்றுக்கு முன்னால் எந்த மதுக்கடையும் திறக்காது. மூடியே ஆக வேண்டிய நாட்களில், வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையோடும் ஓர் ஆசிரியர் நேரில் முகம் பார்த்துப் பேச வேண்டும், முகக்கவசத்தோடு தெருமுனையில் நின்றாவது.

அதற்கு முன், எந்தெந்த அரசுப் பள்ளியில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்கிறார், எங்கே இல்லை என்ற பட்டியலைக் கல்வித்துறை பள்ளி வாரியாக வெளியிட வேண்டும். இல்லாத இடங்களுக்கான பணியிடங்கள் அடுத்த பட்ஜெட்டில் தொகையோடு வர வேண்டும். வராவிட்டால், கொரோனா வரியாக வசூலித்த பணத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவானது என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினராவது வேண்டும். அவர் எந்தக் கட்சி என்று நாம் பார்க்கப் போவதில்லை.