பட்டம் மட்டும் போதுமா?

ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பட்டறை உண்டு. படிவம் ஐந்து மாணவனுக்கு உண்டு. பெற்றோருக்குத் தன்முனைப்பு உரை உண்டு. சிறுகதை எழுத விழைவோருக்கும் உண்டு. பல்கலைக்கழக விரிவுரையாளராக விழையும் தமிழ் இளைஞருக்கு நம் இயக்கங்கள் நடத்தும் பட்டறை எங்கே? கேட்டால், "முனைவர் பட்டம் பெற்றுவிட்டால் வேலை தானே வரும்" என்கின்றனர். இதனினும் தீங்கான மூடநம்பிக்கை நம்மிடையே வேறொன்று உண்டோ?

தொடக்கப்பள்ளியில் அகரம் கற்பிக்கப் போகிறவர் பாடத்திட்டம் எழுதிப் பழகுகிறார். பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து அவர் பிழைகளைக் குறிக்கிறார். வியர்த்து, திருந்தி, பின்னரே அவர் ஆசிரியராகிறார். பட்டப்படிப்பு மாணவர் நூற்றுவர் முன் நிற்கப் போகிறவருக்கோ இவை எவையும் வேண்டாவாம்! பணியேற்ற பின் பல்கலைக்கழகமே பயிற்சி தரும் என்பர். மெய்தான். ஆனால் பணிக்கு முன் நேர்முகத் தேர்வு என்றொரு வாயில் இருக்கிறதே!

அவ்வாயிலில் தடுக்கி விழுந்த என் பழைய மாணவி ஒருவரை அறிவேன். இம்மலையில் கொழுந்து பறித்த தாயின் மகள். சங்க இலக்கியத்தில் முனைவர். அவரிடம் அகத்திணை பற்றி ஒரு வினாவும் எழவில்லை. பதினான்கு வாரத்திற்கு ஒரு பாடத்தை எவ்வாறு பகுப்பீர்? எந்த ஆய்விதழுக்கு எழுதுவீர்? ஆய்வு நிதிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பீர்? இவையே வினாக்கள். ஆய்வு செய்த ஆண்டுகளில் எவரும் அவரை இவற்றின்முன் நிறுத்தியதில்லை. இன்று பிரத்தியேக வகுப்பு நடத்திப் பிழைக்கிறார். குறை அவருடையதா?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றிய காலத்தில், அங்குத் தமிழுக்கு இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் வெள்ளி ஈந்தனர். 1961இல் அத்துறைக்கு வந்த தனிநாயகம் அடிகளாரை மாநாட்டு மேடைகளில் மட்டும் நினைக்கிறோம். அவர் வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக இருந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தவர். கற்பிக்கும் கலையைக் கற்ற பின்னரே அவர் பேராசிரியர் இருக்கைக்கு வந்தார். இதை ஏன் மறந்தோம்?

அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய திட்டமொன்று, முனைவர் பட்ட மாணவரைப் பிற கல்லூரிகளுக்கு அனுப்பி, கற்பித்தல், ஆய்வு, நிருவாகம் மூன்றையும் மூத்தோர் அருகிருந்து பழக வைத்தது. இந்தியாவின் 'நெட்' தேர்வு தகுதியைச் சலிக்கும் சல்லடை, நாற்றங்கால் அன்று. தேயிலைத் துண்டை நட்டவுடன் மலைச்சரிவிற்குக் கொண்டுபோவாருண்டோ? நிழலில் வேர்பிடிக்க விட்டு, சிறிது சிறிதாக வெயில் காட்டி, பின்னரே பெயர்த்து நடுவர். செடிக்குக் காட்டும் இப்பொறுமையை நம் பிள்ளைகளுக்கு ஏன் காட்டவில்லை?

மூன்று நாள் போதும். முதல் நாள் மாதிரி விரிவுரை, கடுமையாகத் திறனாய்க. மறுநாள், ஆய்விதழ் திருப்பியனுப்பிய கட்டுரையைத் திருத்தி எழுதுதல். மூன்றாம் நாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் போலி நேர்முகத் தேர்வு. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் வரட்டும். பாடம் நடத்தும் முறையைப் பள்ளியாசிரியரிடம் கற்க முனைவர்கள் நாணவேண்டா. செலவா? ஒரு மாநாட்டின் பொன்னாடைச் செலவில் பாதியே மிகுதி. இடமா? ஆண்டிறுதி விடுமுறையில் திரிங்காப்பிற்கு வருக. பள்ளி மண்டபம் பூட்டியே கிடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.